இரவில் காற்றை நிறுத்தச் சொல்லும் தீர்மானம்: சுத்திகரிப்பு நிலைய ஆபரேட்டரின் திறந்த மடல்

நகராட்சி ஆணையர் அவர்களுக்கும், நகர்மன்றத் தலைவர் மற்றும் உறுப்பினர்கள் அனைவருக்கும்,

சென்ற மாதக் கூட்டத்தில் நீங்கள் நிறைவேற்றிய தீர்மானத்தின் நகல் எங்கள் பேனல் அறைச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது. இரவு 11 மணியிலிருந்து அதிகாலை 5 மணி வரை கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் தொட்டிக்குள் காற்று ஊதும் புளோயர்களை நிறுத்திவைக்க வேண்டும். அந்த நேரத்தில் ஆபரேட்டர் தேவையில்லை, காவலாளி ஒருவர் போதும். மின்கட்டணத்தில் மாதம் ஒன்றரை லட்சம் ரூபாய் மிச்சமாகும். மொத்தமே மூன்று வரிதான். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து நடைமுறைக்கு வருகிறதாம்.

நான் அந்த நிலையத்தில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். வேதியியல் படித்துவிட்டு வேறு வேலை கிடைக்காமல் சல்லடைக் குப்பை வாரும் உதவியாளாகச் சேர்ந்து, இப்போது ஷிப்ட் ஆபரேட்டர். இதற்குள் மூன்று ஒப்பந்ததாரர்கள் மாறிவிட்டார்கள். நாங்கள் அதே ஆட்கள்தான், சட்டையில் இருக்கும் பெயர் மட்டும் மாறும். இந்தத் தீர்மானத்துக்கு முன்னால் எங்களில் ஒருவரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்த மடலுக்கு வேலை இருந்திருக்காது.

முதலில் உங்கள் கணக்கில் இருக்கும் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். நிலையத்தின் மின்சாரத்தில் பாதிக்கு மேல் புளோயர்களுக்குத்தான் போகிறது. 55 கிலோவாட் மோட்டார் இரண்டு, ராத்திரி பகல் ஓடுகின்றன. பில்லைப் பார்க்கிற யாருக்கும் கை அங்கேதான் போகும். தெருவிளக்கை நள்ளிரவில் பாதி அணைப்பதுபோல இதையும் அணைத்தால் என்ன என்று தோன்றுவது இயல்பு. ஆனால் தெருவிளக்கு காலையில் சாப்பாடு கேட்காது.

எங்கள் நிலையத்தில் கழிவுநீரைச் சுத்தம் செய்வது மோட்டாரும் இல்லை, குளோரினும் இல்லை. காற்று ஊதப்படும் ஏரேஷன் தொட்டியில் இருக்கும் நுண்ணுயிர்கள். அவை அழுக்கைத் தின்கின்றன, அதற்கு மூச்சுவிடக் காற்று வேண்டும். வீட்டில் தயிர் உறை ஊற்றுகிறவர்களுக்கு இது சட்டென்று புரியும். நேற்றைய தயிரில் ஒரு கரண்டி எடுத்து இன்றைய பாலில் விடுகிறோம். அதே மாதிரி, தின்று பெருத்த நுண்ணுயிர்கள் நீரைத் தெளியவிடும் தொட்டியான கிளாரிஃபையரின் அடியில் ஸ்லட்ஜாக, அதாவது சகதியாகப் படிகின்றன. அதில் பெரும்பகுதியைத் திரும்ப ஏரேஷன் தொட்டிக்கே பம்ப் செய்கிறோம். அதுதான் எங்கள் உறைமோர். அது கெட்டுப்போனால் அடுத்த நாள் பாலும் கெடும்.

இது புதிய வித்தை இல்லை. 1914-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில், டேவிஹும் கழிவுநீர்ப் பண்ணையில், ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இருவர் செய்து காட்டியது. கழிவுநீருக்குள் காற்றை ஊதிக்கொண்டே இருந்தால் அது தெளிகிறது என்பது அவர்களுக்கு முன்பே தெரிந்த விஷயம். ஆனால் முதல் தடவை முழுதாகத் தெளிய ஐந்து வாரம் ஆனது. தெளிந்த நீரை மட்டும் வடித்துவிட்டு, அடியில் தங்கிய சகதியைக் கொட்டாமல் வைத்துக்கொண்டு அதன்மேல் புதுக் கழிவுநீரை விட்டார்கள். ஒவ்வொரு முறையும் நேரம் குறைந்துகொண்டே வந்து, ஐந்து வார வேலை ஒரே நாளுக்குள் முடிந்தது. அந்தச் சகதியை அவர்கள் தூக்கிப் போட்டிருந்தால் இன்று நம் ஊர் நிலையம் இந்த வடிவத்தில் இருந்திருக்காது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் உலகம் முழுக்கப் பல்லாயிரம் ஊர்கள் ஓட்டிக்கொண்டிருக்கும் முறை இது. எங்கேயும் அதன் அடிப்படை ஒன்றுதான்: சகதியை உயிரோடு வைத்திரு.

சரி, காற்றை நிறுத்தினால் என்ன ஆகும்? இதை நான் புத்தகத்திலிருந்து சொல்லவில்லை. தீர்மானத்துக்கு முன்னால் 'சோதனை ஓட்டம்' என்று ஒன்பது இரவுகள் நிறுத்தச் சொன்னீர்கள், நிறுத்தினோம். அதில் ஐந்து இரவுகள் நான்தான் ஷிப்டில் இருந்தேன்.

முதல் இரவு 11 மணிக்குத் தொட்டியில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 1.9 மில்லிகிராம். 2 இருந்தால் எங்களுக்கு நிம்மதி. 11.10-க்கு மீட்டர் 0.2 காட்டியது. அதற்குப் பிறகு காலை ஐந்து மணி வரை 0.1, 0.0, 0.1. பத்து நிமிடம்தான் ஆனது, ஆணையர் அவர்களே. தொட்டிக்குள் இருக்கும் கூட்டம் அவ்வளவு பெரியது. இருக்கிற மூச்சைப் பத்து நிமிடத்தில் இழுத்து முடித்துவிடுகிறது.

ஒரே இரவில் எல்லாம் செத்துவிடும் என்று பயமுறுத்த மாட்டேன். அப்படி நடக்காது. முதல் நாள் காலை வெளியேறிய நீரைப் பார்த்த பொறியாளர், 'நல்லாத்தானே இருக்கு' என்று சொல்லிவிட்டுப் போனார். கண்ணுக்கு நன்றாகத்தான் இருந்தது. கெடுதல் மெதுவாக வருவதுதான் இதில் இருக்கும் கோளாறு. ஒரு மாதம் கழித்து ஏரியில் மீன் மிதக்கும்போது, தொட்டியில் என்ன நடந்தது என்று யாரும் பின்னோக்கிப் பார்க்கமாட்டார்கள்.

எங்களிடம் ஒரு லிட்டர் கண்ணாடி ஜாடி இருக்கிறது. நிலையத்திலேயே மலிவான கருவி, எனக்கு மிகவும் நம்பிக்கையான கருவியும் அதுதான். ஏரேஷன் தொட்டி நீரை அதில் பிடித்து அரைமணி நேரம் அசையாமல் வைத்தால் ஸ்லட்ஜ் கீழே படியும், மேலே தெளிந்த நீர் நிற்கும். படிந்தது எத்தனை மில்லி என்று பார்க்க வேண்டும். சோதனைக்கு முந்தைய நாள் 310 மில்லி. ஐந்தாம் நாள் 430. ஒன்பதாம் நாள் 640. ஸ்லட்ஜ் பெருகிவிட்டதா என்றால் இல்லை, எடை கிட்டத்தட்ட அதேதான். ஆக்சிஜன் குறைந்த இடத்தில் நூல் நூலாக வளரும் ஒருவகை பாக்டீரியா தலையெடுத்து, ஸ்லட்ஜைப் பஞ்சுபோல ஆக்கிவிட்டது. பஞ்சு படியாது. கிளாரிஃபையரின் விளிம்பைத் தாண்டி நீரோடு போய்விடும். ஒன்பதாம் நாள் மாலையில் அது போய்க்கொண்டிருந்ததை நான் நின்று பார்த்தேன். நம் உறைமோர் வாய்க்காலில் போய்க்கொண்டிருந்தது.

நிறமும் வாசனையும் வேறு. நன்றாக ஓடும் தொட்டி பழுப்பாக, கடுங்காப்பியில் கொஞ்சம் பால் விட்ட மாதிரி இருக்கும். முதல் மழை விழுந்த மண்ணின் வாசம் வரும். சொன்னால் நம்பமாட்டார்கள், என் மனைவியே நம்பவில்லை, ஒருநாள் கூட்டிப்போய்க் காட்டினேன். ஏழாம் இரவுக்குப் பிறகு அந்த வாசம் போய் அழுகிய முட்டை நாற்றம் வந்தது. தொட்டியின் ஓரம் கறுக்க ஆரம்பித்தது. சோதனை முடிந்து இரண்டு புளோயர்களையும் முழுநேரம் ஓட்டி, ஸ்லட்ஜ் மீண்டும் 350-க்கு வர பதினேழு நாள் ஆயிற்று. ஒன்பது இரவு மிச்சப்படுத்தியதில் எவ்வளவு மீதி என்று கணக்குப் பிரிவில் கேட்டுப் பாருங்கள்.

தீர்மானத்தோடு இணைத்த குறிப்பில் 'சோதனை ஓட்டம் வெற்றி' என்று இருக்கிறது. எதை வைத்து? மூன்றாம் நாள் பகல் 11 மணிக்கு எடுத்த ஒரே ஒரு மாதிரியை வைத்து. நீரில் உள்ள அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்று அளக்கும் பி.ஓ.டி. பரிசோதனையை நம் நாட்டில் 27 டிகிரியில் மூன்று நாள் வைத்துத்தான் முடிவு சொல்கிறார்கள். அதாவது ஆய்வகத் தாள் சொல்வது எப்போதும் மூன்று நாள் பழைய கதை. மூன்றாம் நாள் மாதிரியின் பி.ஓ.டி. லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்குள் இருந்தது உண்மை. 2017 மத்திய அரசு அறிவிக்கையின்படி பெருநகரம் அல்லாத ஊர்களுக்கு வரம்பு 30. 2019-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதைவிடக் கடுமையாக்கச் சொன்னது. ஒன்பதாம் நாள் மாதிரியை யாரும் எடுக்கவில்லை. நான் எடுத்துவைத்த பாட்டிலை ஆய்வகத்துக்கு அனுப்ப வண்டி இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

இன்னொன்றையும் எழுத வேண்டியிருக்கிறது. சோதனையின் நான்காம் இரவு, லாக் புக்கில் நான் 0.1 என்று எழுதியதைப் பார்த்து, 'ராத்திரி ரீடிங்கை வழக்கம்போலப் போட்டுடுங்க, எதுக்கு வம்பு' என்று சொல்லப்பட்டது. சொன்னவர் பெயர் இங்கே வேண்டாம். அவருக்கும் மேலிருந்து அழுத்தம் இருந்திருக்கும். ஆனால் அந்தப் புத்தகத்தில் இருப்பது என் கையெழுத்து. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் போகும் மாதாந்திர அறிக்கை அதிலிருந்துதான் தயாராகிறது. நான் 0.1-ஐ 0.1 என்றுதான் எழுதினேன். இனியும் அப்படித்தான்.

'இரவில் வரத்து குறைவு' என்பதுதான் உங்கள் தீர்மானத்தின் அஸ்திவாரம். பாடப்புத்தகத்தில் அப்படித்தான் இருக்கும்: காலை ஆறிலிருந்து பத்து வரை உச்சம், மாலையில் இன்னொரு சின்ன உச்சம், நள்ளிரவுக்குப் பிறகு அடங்கிவிடும். ஆனால் அது வீட்டுக் குழாயின் கணக்கு. கடைசி வார்டில் ஒரு வீட்டில் ராத்திரி பத்து மணிக்குப் பாத்திரம் கழுவிய நீர், குழாயில் நகர்ந்து, நீரேற்று நிலையத்தின் கிணற்றில் சேர்ந்து, அங்கே மட்டம் ஏறி, பம்ப் போட்ட பிறகுதான் எங்களிடம் வருகிறது. மூன்று நீரேற்று நிலையங்களில் இரண்டில் தானியங்கி ஸ்விட்ச் பழுதாகி ஒரு வருடம் ஆகிறது. அங்கே இருப்பவர் தூங்கப்போகும் முன் கிணற்றைக் காலிசெய்துவிட்டுப் படுக்கிறார். அவரைக் குற்றம் சொல்லமாட்டேன், நானாக இருந்தாலும் அதையேதான் செய்வேன். ஆகவே எங்கள் வரத்துக் கால்வாயில் 11.30-லிருந்து 1 மணி வரை பெரிய அலை ஒன்று வரும். ஃப்ளோ மீட்டர் பதிவு இருக்கிறது, எடுத்துப் பார்க்கலாம். நீங்கள் காற்றை அணைக்கச் சொல்லும் நேரமும் அதுதான்.

அப்புறம் காலண்டர். எங்கள் பேனல் அறையில் தினசரி கிழிக்கும் காலண்டர் ஒன்று தொங்குகிறது. முகூர்த்த நாளுக்காகத்தான் அதை வைத்திருக்கிறோம். வைகாசியிலும் ஆவணியிலும் முகூர்த்தத்துக்கு முந்தின இரவு கல்யாண மண்டபங்கள் விருந்துப் பாத்திரம் கழுவி முடிக்க நள்ளிரவு ஆகிவிடும். எண்ணெயும் சோறும் சாம்பாருமாக வரும். சல்லடையில் வாழையிலை நாரும் பேப்பர் கப்பும் அடைத்துக்கொள்ளும். மறுநாள் தொட்டியில் எண்ணெய்ப் படலம் மிதக்கும். ஆடி மாதம் எங்களுக்கு ஓய்வுக் காலம் என்று சிரித்துக்கொள்வோம். மார்கழியில் அதிகாலை நான்கு மணிக்கே ஊர் குளிக்கத் தொடங்கிவிடும். தீபாவளி அன்று மூன்று மணிக்கே எண்ணெய்க் குளியல், ஊரே ஒரே நேரத்தில் தலைக்கு ஊற்றுகிறது. அப்போது தொட்டியில் காற்று இல்லையென்றால் அத்தனை சீயக்காயும் எண்ணெயும் நேராக ஏரிக்குத்தான். எந்தப் பொறியியல் கையேட்டிலும் தீபாவளி இல்லை. எங்கள் காலண்டரில் இருக்கிறது.

இதைவிடப் பெரிய முரண் ஒன்று உண்டு. பாதாளச் சாக்கடை இணைப்பு இல்லாத வார்டுகளிலிருந்து செப்டிக் டேங்க் லாரிகள் எங்கள் நிலையத்துக்கு வருகின்றன. கண்ட இடத்தில் கொட்டாமல் இங்கே வருவது நல்லது, அதை நான் வரவேற்கிறேன். மலக்கசடுக்கென்றே கருங்குழியில் 2017-ல் தனி நிலையம் வந்தது. எல்லா ஊருக்கும் அப்படி வரும்வரை இதுதான் வழி. ஆனால் போக்குவரத்து நெரிசல் என்று சொல்லி அந்த லாரிகளுக்கு நீங்கள் கொடுத்திருக்கும் நேரம் இரவு 10 முதல் அதிகாலை 4 வரை. வீட்டுக் கழிவுநீரின் பி.ஓ.டி. எங்கள் ஊரில் 240 அளவில் இருக்கும். ஒரு லாரியின் மாதிரியை ஒருமுறை பார்த்தோம், 5,200. ஆறாயிரம் லிட்டர் லாரி ஒரு இரவில் பதினைந்து நடை வந்தால் 90,000 லிட்டர். எங்களுக்கு வரும் அறுபது லட்சம் லிட்டரோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை, நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு. ஆனால் அழுக்கின் சுமையைக் கணக்கிட்டால், ஊர் முழுக்க ஒருநாளில் அனுப்புவதில் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வருகிறது. அதுவும் அந்த ஆறு மணி நேரத்துக்குள். ஒரு தீர்மானத்தில் பெரும் சாப்பாட்டை ராத்திரிக்கு மாற்றிவிட்டு, அடுத்த தீர்மானத்தில் ராத்திரி மூச்சை நிறுத்தச் சொல்கிறீர்கள். இரண்டையும் நிறைவேற்றியது ஒரே மன்றம்தானா என்று எங்கள் எலெக்ட்ரீசியன் கேட்டார்.

'எஸ்.பி.ஆர். நிலையங்களில் காற்றை நிறுத்துகிறார்களே' என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டதாகச் சொன்னார்கள். நிறுத்துகிறார்கள், உண்மைதான். அங்கே ஒரே தொட்டியில் நிரப்புவது, ஊதுவது, படியவிடுவது, வடிப்பது எல்லாம் சில மணி நேரச் சுற்றாக நடக்கும். படியவிடுவது சுமார் ஒரு மணி நேரம்தான், அதற்கென்றே தொட்டிகளைப் பல பங்காகக் கட்டியிருப்பார்கள். நம்முடையது அந்த வகை இல்லை. இங்கே வரத்து நிற்காது, கிளாரிஃபையர் தனி. ஆறு மணி நேரம் காற்று நின்றால் ஸ்லட்ஜ் ஏரேஷன் தொட்டியின் அடியிலேயே படிந்து காற்றைக் குமிழிகளாக வெளிவிடும் டிஃப்யூசர்களின் ரப்பர் துளைகளை மூடும். மறுபடி ஊதும்போது அழுத்தம் கூடும். அழுத்தம் கூடினால் மோட்டார் அதிக மின்சாரம் இழுக்கும். மிச்சம் பிடிக்க நிறுத்தி, நிறுத்தியதாலேயே பில் ஏறும். சென்னையைப் போல ஸ்லட்ஜிலிருந்து வரும் எரிவாயுவில் மின்சாரம் தயாரிக்கலாமே என்றும் யோசனை வந்ததாம். கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் ஸ்லட்ஜைச் செரிக்க வைக்கும் பெரிய மூடிய கலன்கள் உண்டு. நம்மிடம் இருப்பது வெயிலில் காயவைக்கும் உலர்படுகை. இப்போதைக்கு அந்தப் பேச்சு வேண்டாம்.

காவலாளி விஷயத்துக்கு வருகிறேன். இதை எழுதும்போது கை கொஞ்சம் நடுங்குகிறது.

வரத்துக் கிணற்றில் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு சேரும். கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு நூறு பி.பி.எம். (காற்றின் பத்து லட்சம் பங்கில் நூறு பங்கு) நெருங்கும்போது மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. தெரியாதவர் 'வாடை போயிடுச்சு' என்று நினைத்து இறங்குவார். இன்னும் சில மடங்கு ஏறினால் சில மூச்சுகளில் ஆள் விழுந்துவிடுவார். காற்று நின்ற தொட்டியிலும் தேங்கிய கால்வாயிலும் இந்த வாயு கூடத்தான் செய்யும். அந்த நள்ளிரவு அலையில் சல்லடை அடைத்து நீர் கரை புரளும்போது, வயதான அந்தக் காவலாளி என்ன செய்வார்? போன் செய்வார், யாரும் எடுக்கமாட்டார்கள், ஒரு கம்பியை எடுத்துக்கொண்டு இறங்குவார். நான்கு வருடத்துக்கு முன் எங்களில் ஒருவர் அப்படித்தான் இறங்கினார். இரண்டு பேர் ஷிப்டில் இருந்ததால்தான் மற்றவர் கயிற்றைப் பிடித்து இழுக்க முடிந்தது. அவர் இப்போது ஊரில் டீக்கடை வைத்திருக்கிறார், நிலையத்தின் பக்கமே வருவதில்லை.

2013-ஆம் ஆண்டின் சட்டம் தகுந்த பாதுகாப்பு இல்லாமல் யாரையும் சாக்கடைக்குள் இறக்குவதைக் குற்றமாக்கியது. 2014-ல் இப்படி இறந்தவர்களின் குடும்பத்துக்குப் பத்து லட்சம் கொடுக்கச் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. சட்டத்தை விடுங்கள், சமோலியை நினைத்துப் பாருங்கள். 2023 ஜூலை, உத்தராகண்டில் அலக்நந்தா கரையில் உள்ள ஒரு கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம். முதலில் அங்கே பணியில் இருந்த ஒருவர் மின்சாரம் தாக்கி இறந்து கிடந்தார். விவரம் அறிய வந்து கூடியவர்கள்மேலும் இரும்புக் கைப்பிடி வழியாக மின்சாரம் பாய்ந்தது. மொத்தம் 16 உயிர். நம் நிலையத்திலும் நடைபாதை ஓரம் முழுக்க இரும்புக் கைப்பிடிதான். எர்த்திங் கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது என்று நான் லாக் புக்கைப் புரட்டிப் பார்த்தேன். இரண்டரை வருடப் பக்கங்களில் அப்படி ஒரு பதிவு இல்லை.

நம் ஊர் மட்டும் இப்படி என்று நான் சொல்லவில்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020-21 கணக்குப்படி நாட்டின் நகரங்களில் உருவாகும் கழிவுநீர் 72,368 எம்.எல்.டி. (ஒரு எம்.எல்.டி. என்பது நாளொன்றுக்குப் பத்து லட்சம் லிட்டர்). நிறுவப்பட்ட சுத்திகரிப்புத் திறன் 31,841. உண்மையில் சுத்திகரிக்கப்பட்டது 20,235. முதல் இடைவெளி நிலையங்கள் கட்டாததால் வந்தது, அதற்கு நிதி வேண்டும், காலம் வேண்டும். இரண்டாவது இடைவெளி கட்டிய நிலையங்கள் முழுதாக ஓடாததால் வந்தது. திறப்பு விழாவுக்குப் பந்தல் போட்ட இடத்தில் இப்போது புல் முளைத்த நிலையங்களை நான் பார்த்திருக்கிறேன். நம் நிலையம் அந்தப் பட்டியலில் இன்னும் சேரவில்லை. அதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. சம்பளம் இரண்டு மாதம் தள்ளி வந்தபோதும் ஒரு ஷிப்ட்கூடக் காலியாக விட்டதில்லை.

இனி என்ன வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன்.

தீர்மானத்தை ரத்து செய்யுங்கள். மின்சாரத்தை மிச்சப்படுத்த வேறு வழி இருக்கிறது, எங்களுக்கும் அதில் அக்கறை உண்டு. புளோயர்களுக்கு வேகம் குறைக்கும் டிரைவ் பொருத்தி, ஆக்சிஜன் மீட்டரைப் பார்த்து ஓட்டவிடுங்கள். இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை பெரும்பாலான நாட்களில் ஒரு புளோயர், அதுவும் குறைந்த வேகத்தில் போதும், முழுதாக நிற்பது மட்டும் கூடாது. டிஃப்யூசர்களைச் சுத்தம் செய்து மூன்று வருடம் ஆகிறது. அதை இந்தக் கோடையில் முடித்தாலே பில் இறங்குவதைப் பார்க்கலாம். நீரேற்று நிலையங்களின் தானியங்கி ஸ்விட்சுகளைச் சரிசெய்யுங்கள். இவை அனைத்தையும் செய்த பிறகு ஆறு மாத பில்லை எடுத்து வைத்துக்கொண்டு பேசுவோம்.

செப்டிக் டேங்க் லாரிகளைப் பகலுக்கு மாற்றுங்கள். காலை உச்சம் அடங்கிய பதினொரு மணியிலிருந்து மாலை நான்கு வரை தாங்கும். மொத்தமாகக் கொட்டாமல், ஒரு தொட்டியில் வாங்கி மெதுவாக விட ஏற்பாடு வேண்டும். எந்த லாரி, எத்தனை நடை, எங்கிருந்து என்ற பதிவு எங்கள் கையில் இருக்கட்டும். கேட்டில் இப்போது பதிவேடு இருக்கிறது, பேனா இல்லை.

இரவு ஷிப்டில் குறைந்தது இரண்டு பேர், கூப்பிட்டால் அரைமணி நேரத்தில் வரும் எலெக்ட்ரீசியன் ஒருவர். வாயு அளக்கும் கருவி இரண்டு, மூச்சுக் கருவி ஒரு செட், கிணற்றிலிருந்து ஆளைத் தூக்கும் முக்கால் தாங்கியும் கயிறும். அடுத்த பதினைந்து நாளுக்குள் எர்த்திங் முழுக்கச் சோதித்து, அறிக்கையைச் சுவரில் ஒட்டுங்கள். தீர்மான நகல் இருக்கும் இடத்திலேயே ஒட்டலாம். ஜெனரேட்டருக்கு எட்டு மணி நேர டீசல் எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்துப் பத்தொன்பது மணி நேரம் டீசலுக்காக உட்கார்ந்திருந்ததும், பிறகு பக்கத்து ஊர் நிலையத்திலிருந்து ஒன்பது டேங்கர் ஸ்லட்ஜ் கடன் வாங்கி உறை ஊற்றியதும் உங்கள் கோப்புகளிலேயே இருக்கிறது.

அடுத்த ஒப்பந்தப்புள்ளியில் குறைந்த தொகை சொன்னவருக்கு என்று மட்டும் பார்க்காதீர்கள். எத்தனை ஆட்கள், என்ன தகுதி, என்ன உதிரிபாகம் இருப்பில் என்பதை நிபந்தனையாக எழுதுங்கள். வெளியேறும் நீரின் தரத்தைப் பொறுத்துப் பணம் கொடுங்கள், மாதிரியைப் பகல் ஒரு முறையும் நள்ளிரவு ஒரு முறையும் எடுக்கச் சொல்லுங்கள்.

லாக் புக்கில் உள்ளதை உள்ளபடி எழுதும் ஆபரேட்டர்மீது எந்த நடவடிக்கையும் எடுக்கப்படாது என்று ஆணையர் கையெழுத்தோடு ஒரு சுற்றறிக்கை வேண்டும். அதைவிடச் சின்னதாக ஒரு வேண்டுகோள்: மன்ற உறுப்பினர்கள் ஒருநாள் இரவு 11 மணியிலிருந்து 2 மணி வரை நிலையத்துக்கு வாருங்கள். முகூர்த்தத்துக்கு முந்தின இரவாக இருந்தால் நல்லது, தேதியை நான் காலண்டர் பார்த்துச் சொல்கிறேன். ஜாடியை நீங்களே பிடித்து அரைமணி நேரம் பாருங்கள். நாற்காலி நான்குதான் இருக்கிறது, மீதிப் பேருக்கு ஏற்பாடு செய்கிறோம்.

முதல் தேதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. புளோயரை நிறுத்தத்தான் வேண்டும் என்றால், அதனால் வரும் விளைவுக்கு யார் பொறுப்பு என்பதோடு சேர்த்து, என் பெயருக்கு எழுத்துப்பூர்வமாக உத்தரவு அனுப்புங்கள். அது கைக்கு வரும்வரை என் ஷிப்டில் ஒரு புளோயர் ஓடிக்கொண்டிருக்கும். எத்தனை மணிக்கு எந்த புளோயர் ஓடியது, ஆக்சிஜன் எவ்வளவு என்பதை லாக் புக்கில் எழுதி, கீழே கையெழுத்தும் போடுவேன்.

இப்படிக்கு,
இரவு ஷிப்ட் ஆபரேட்டர்,
கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்